வாயில் அடக்கிய இலை

பினாங்கு என்றால் பாக்கு. மலாய் மொழியில் 'பினாங்' என்பது பாக்குமரம், 'பூலாவ் பினாங்' பாக்குத் தீவு. 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே இறங்கி 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு' என்று பெயர் வைத்துப் பார்த்தார். நிலைக்கவில்லை. மாநிலக் கொடியின் நடுவில் இன்றும் ஒரு பாக்குமரம்தான் நிற்கிறது. மலாய்க்காரர்கள் பெண் கேட்டுப் போவதை 'மெமினாங்' என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள்ளும் பாக்கு இருக்கிறது. நாம் நிச்சயதாம்பூலம் என்கிறோம்.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் கொஞ்ச நாளாக வாசிப்பது கோக்காவைப் பற்றி. காரணம், எங்கள் வாசிப்புக் குழு நண்பன் ஒருவன் சொன்னது. "கோக்கா கொக்கெய்ன் இல்லன்னு பொலிவியாக்காரன் சொல்றான் பாரு, நம்ம வெத்தலையும் அப்படித்தான். இலை நல்ல இலை. பாக்கெட்ல அடைச்சு வித்தவன்தான் கெடுத்தான்." எல்லோருக்கும் பிடித்த வாதம். பழசு நல்லது, வியாபாரம் கெட்டது. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் என் பாட்டியின் வாய் அந்த வாதத்துக்குள் அடங்க மறுக்கிறது.

முதலில் ஒற்றுமைகள். ஆண்டீஸ் மலைக்காரர்கள் கோக்கா இலையை வெறுமனே மெல்லுவதில்லை. கூடவே காரம் வேண்டும். பெருவிலும் பொலிவியாவிலும் கீன்வாத் தண்டைச் சுட்ட சாம்பலைச் சேர்க்கிறார்கள். கொலம்பியாவின் சியரா நெவாடா மலையில் வாழும் கோகி மக்கள் கடல் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, போபோரோ என்ற சிறிய சுரைக்குடுக்கையில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு குச்சியை உள்ளே விட்டுத் தொட்டு வாயில் வைக்கிறார்கள். இதைப் படித்ததும் பாட்டியின் இடுப்புச் சுருக்குப்பையில் கிடந்த சுண்ணாம்பு டப்பிதான் எனக்குக் கண்ணில் வந்தது. நம்மூரிலும் கிளிஞ்சல் சுண்ணாம்பு உண்டு. கோக்கா இலையில் மிகச் சிறிய அளவில் இருக்கும் கொக்கெய்ன் உடம்பில் ஏற, அந்தக் காரம்தான் வழி விடுகிறது. பாக்கில் இருப்பது அரெக்கோலின். சுண்ணாம்பு அதையும் வேறொன்றாக மாற்றி வேலை செய்ய வைக்கிறது. இரண்டு கண்டங்களில், ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள், ஒரே வேதியியலை வாயில் வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அங்கே 'கோக்காடா' என்று ஓர் அளவு இருந்தது. ஒரு வாய் கோக்கா தாக்குப்பிடிக்கும் வரை நடக்கும் தூரம். நாம் "ஒரு வெத்தல போடுற நேரத்துல வந்துடுவேன்" என்போம்.

அடுத்த ஒற்றுமை அவ்வளவு இனிமையானது அல்ல. ஸ்பானியப் பாதிரிமார் கோக்காவைச் சாத்தானின் இலை என்றுதான் ஆரம்பித்தார்கள். ஆனால் பொட்டோசியில் 1545இல் வெள்ளி கிடைத்த பிறகு கதை மாறியது. இலை இருந்தால் கூலிகள் குறைந்த சோற்றில் அதிக நேரம் சுரங்கத்தில் நிற்பார்கள் என்று முதலாளிகளுக்குத் தெரிந்தது. பிறகு அரசு வரி வாங்கியது, தேவாலயம் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வாங்கியது.

பாட்டி கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியும் முன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் சரியாக இறங்காது. "காலையில என்ன பாட்டி சாப்பிடுவீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "என்னா சாப்பிடுறது? வரக்காப்பி ஒரு வாய், வெத்தல ஒரு வாய். அதுக்கப்புறம் பாலு எடுத்துக் கொட்டுற வரைக்கும் வயிறு கேக்காது" என்றார். குளிருக்கு வெத்தலை, கொசுக்கடியில் கண் சொக்காமலிருக்க வெத்தலை. தோட்டத்தில் கள்ளுக்கடை இருந்தது, ஆனால் அது ஆம்பளைகளுக்கு. பொம்பளைகளுக்கு வாய்த்தது இதுதான். புகையிலை மட்டும் அவர் தொட்டதே இல்லை. "அது கெட்ட பழக்கம் கண்ணு" என்பார்.

கோக்காவுக்கும் நமக்கும் இன்னொரு சொந்தமும் உண்டு. கோக்காவின் இனத்தைச் சேர்ந்த செம்புளிச்சான் தமிழ்நாட்டு வறண்ட காடுகளில் தானாக வளர்கிறது. 1877 பஞ்சத்தில் சென்னை மாகாணத்து ஜனங்கள் அதன் இலையைத் தின்று உயிரைப் பிடித்திருந்ததாக அந்தக் காலத்துத் தாவர நூல்கள் சொல்கின்றன. அதில் கொக்கெய்ன் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வெறும் பசிக்கு வெறும் இலை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களில் எத்தனை பேர் அந்த இலையைத் தின்றவர்களின் பிள்ளைகளோ.

இனி நண்பனின் வாதத்துக்கு வருவோம். கோக்காவைப் பொறுத்தவரை அவன் சொல்வது பெரும்பாலும் சரி. 1860 வாக்கில் ஆல்பர்ட் நீமன் என்ற ஜெர்மன் மாணவர் இலையிலிருந்து கொக்கெய்னைத் தனியே பிரித்தெடுத்தார். 1863இல் பாரிசில் மரியானி கோக்கா ஒயின் விற்க ஆரம்பித்தார். 1884இல் கார்ல் கொல்லர் அதை வைத்துக் கண்ணை மரக்கச் செய்து அறுவை சிகிச்சையையே மாற்றினார். 1886இல் அட்லாண்டாவில் கோக்கோ கோலா வந்தது. டச்சுக்காரர்கள் ஜாவாவில் கோக்காத் தோட்டம் போட்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் 1900இல் அதற்கென்று ஒரு ஆலையே எழுந்தது. 1910களில் ஜாவாவின் ஏற்றுமதி பெருவை மிஞ்சியது. அதே காலத்தில் கல்கத்தாவில் கொக்கெய்ன் பொடியை எதற்குள் வைத்துத் தின்றார்கள் தெரியுமா? வெற்றிலைக்குள். சுண்ணாம்பு தடவி, மடித்து. இலையை விட்டுப் பிரிந்த பொடி, உலகத்தைச் சுற்றி வந்து, இன்னொரு இலைக்குள் நுழைந்துகொண்டது.

தண்டனை மட்டும் பழைய இலைக்கு. 1961 ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தம் கோக்கா மெல்லும் பழக்கத்தை 25 ஆண்டுகளுக்குள் ஒழிக்கச் சொன்னது. அதே ஒப்பந்தத்தின் இன்னொரு பிரிவு, ஆல்கலாய்டை நீக்கிவிட்டுச் சுவையூட்டியாகக் கோக்கா இலையைப் பயன்படுத்தலாம் என்கிறது. மலையில் கிழவி மென்றால் குற்றம், பாட்டிலில் கம்பெனி கலந்தால் சுவை. 2009இல் வியன்னா ஐ.நா. கூட்டத்தில் பொலிவிய அதிபர் ஏவோ மொராலெஸ் எல்லோர் முன்னாலும் ஒரு இலையை எடுத்து மென்று காட்டினார். பொலிவியா ஒப்பந்தத்திலிருந்தே விலகி, தன் மக்கள் இலை மெல்லும் உரிமையை மட்டும் ஒதுக்கிவைத்துக்கொண்டு 2013இல் திரும்பச் சேர்ந்தது. எனக்கு அந்த ஆள் மேல் கொஞ்சம் பொறாமை. தன் பாட்டியின் இலையை உலகத்தின் முன்னால் எடுத்து வைக்க அவரால் முடிந்தது.

என்னால் முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டு வருஷம் முன்பு பாட்டிக்குச் சாம்பார்கூட எரிய ஆரம்பித்தது. பிறகு சோற்றுக் கவளம் சின்னதாகிக்கொண்டே வந்தது. மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் பாட்டியின் வாயைத் திறக்கச் சொல்லி, விரல்களை நெட்டுவாக்கில் அடுக்கிக் காட்டச் சொன்னார். சாதாரணமாக மூன்று விரல் போக வேண்டும். பாட்டிக்கு ஒன்றரைதான் போயிற்று. கன்னத்தின் உள்பக்கம் தோல் போல இல்லாமல், இழுத்துக் கட்டிய கயிறு போல இருந்தது. "இது இன்னும் புற்றுநோய் இல்ல. ஆனா மாறலாம். இறுகினது பழையபடி இளகாது, இனிமே மோசமாகாம பாத்துக்கலாம்" என்றார். "புகையிலை போடுவாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பாக்கே போதும்" என்றார்.

பாக்கே போதும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் புகையிலை சேர்த்த வெற்றிலையைப் புற்றுநோய்க் காரணி என்றது. 2004இல் வெளியிட்ட தொகுதியில் புகையிலை இல்லாத வெற்றிலையையும், தனிப் பாக்கையும் அதே முதல் பிரிவில் சேர்த்தது. பாக்கெட்டில் வந்த குட்காவைக் குற்றம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். 2013இல் தமிழ்நாடு அதைத் தடை செய்ததும் சரிதான். ஆனால் பாட்டி பாக்கெட் வாங்கியவரில்லை. கொட்டைப்பாக்கைப் பாக்குவெட்டியில் சீவி, காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, முறையாகப் போட்டவர். நம் மரபு எப்படிச் சொன்னதோ அப்படி. அந்த முறைக்குள்ளேயேதான் அந்தக் கயிறும் இருந்திருக்கிறது.

அதனால் 'இலை நல்லது, வியாபாரம் கெட்டது' என்பதை நான் பாதிதான் எடுத்துக்கொள்ள முடியும். கோக்காவில் இலையின் பெயரைப் பொடி கெடுத்தது. நம்முடையதில் வெற்றிலை கிட்டத்தட்ட நிரபராதி, குற்றவாளி பாக்கு. அந்தப் பாக்கின் பெயரைத்தான் நான் வசிக்கும் தீவு சுமந்துகொண்டிருக்கிறது. அதற்காக மரபு முழுக்க மூடத்தனம் என்று பேசுகிறவர்கள் பக்கமும் என்னால் போக முடியவில்லை. அவர்கள் 'ஏன் மென்றார்கள்' என்று கேட்பதே இல்லை. பொட்டோசியிலும் கெடாவிலும் கேள்வி ஒன்றுதான்: காலைச் சோறு யார் தர வேண்டியிருந்தது, அதற்குப் பதில் இலை வந்ததில் யாருக்கு மிச்சம்? பாட்டி வெட்டிய பாலுக்குத் தோட்டத்தில் கணக்கு இருந்தது. அவர் அடக்கிய பசிக்குக் கணக்கு எங்கும் இல்லை, அவர் கன்னத்தின் உள்பக்கத்தைத் தவிர.

போன தையில் அக்காவுக்கு நிச்சயதாம்பூலம். தட்டில் பழம், மஞ்சள், வெற்றிலை, பாக்கு எல்லாம் இருந்தன. பாக்கை எடுத்துவிடலாமா என்று அம்மா தயங்கினார். பாட்டி விடவில்லை. "தட்டுல இருக்கட்டும்டி. வாயிலதான் வேணாம்" என்றார். பேச்சு முடிந்ததும் ஒரே ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பும் இல்லாமல், பாதி திறந்த வாய்க்குள் மடித்து வைத்துக்கொண்டார். மெல்லவில்லை. கொஞ்ச நேரம் சும்மா அடக்கி வைத்திருந்தார்.