ரேப்பர்ல ஒரு ஊர்ப் பேரு

சென்னை ஏர்போர்ட். தூத்துக்குடி ஃபிளைட்டுக்கு இன்னும் நேரம் கிடந்துச்சு.
அக்கா பிள்ளைகளுக்கு சாக்லேட் வாங்கலாம்னு ஒரு கடைக்குள்ள போனேன்.

வெளிநாட்டு டப்பாக்களுக்கு நடுவுல சின்னதா ஒரு பார்.
ரேப்பர்ல 'ஆனைமலை'ன்னு போட்டிருந்துச்சு.
மனசு நிறைஞ்சு போச்சு.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள்ள ஊடுபயிரா கோகோ போடுறாங்க.
பழத்தை உடைச்சு, விதையை மரப்பெட்டியில அஞ்சாறு நாள் புளிக்க விட்டு, வெயில்ல காயவச்சு, வறுத்து, கல்லுல அரைக்கணும்.

அரைக்கிறது எதுல தெரியுமா?
நம்ம தோசைமாவு கிரைண்டரைக் கொஞ்சம் மாத்தித்தான்! அமெரிக்காவுல கூட சின்னச் சின்ன சாக்லேட்காரங்க பல பேரு அதை வச்சுத்தான் தொழிலையே ஆரம்பிச்சாங்க.

விலை கூடுதல்தான். சந்தோஷமா கொடுத்தேன்.
விளைஞ்ச மண்ணோட பேரைச் சொல்லி விக்கிறவங்களுக்கு அது தகும்.

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சப்பவும் இதே சந்தோஷம்தான்.

இப்போ எங்க சுந்தரபாண்டியபுரத்தை நினைச்சுக்கிறேன்.
சூரியகாந்தி பூத்துட்டா, குத்தாலத்துல குளிக்க வர்ற கூட்டம் அப்படியே போட்டோ எடுக்க வந்துரும்.
பூவுக்கு ஊர்ப் பேரு இருக்கு.
விதை மூட்டையில ஏறிப் போன பிறகு, எந்த எண்ணெய் பாட்டில்லயும் அந்தப் பேரை நான் பாத்ததில்ல.

பாடுபட்டு விளைய வைக்கிற சம்சாரிக்கு அந்தப் பேரும் சேர்ந்து கிடைக்கணும்.

'சுந்தரபாண்டியபுரம் செக்கு எண்ணெய்'னு ஒண்ணு வரணும்.
நம்ம ஊரு பிள்ளைகள்ல யாரு முதல்ல ஆரம்பிக்கப் போறீங்க?