கடலுக்குள் எட்டிப் பார்த்தோம்

கடலோர ஊர்களில் பிறந்து வளர்ந்த நமது பெண்களிடம் கடலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்த மாதத்தில் எந்த மீன் படும், எந்த மீனுக்குப் புளி கூட வேண்டும், எதைக் கருவாடு போடலாம் என்றெல்லாம் விரல் மடித்துச் சொல்வார்கள். ஆனால் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியவர்கள் அவர்களுள் மிகக் குறைவு. குடும்பமாகக் கடற்கரைக்குப் போகின்ற நாட்களிலும் ஆண்களும் பிள்ளைகளும் தண்ணீரில் கிடப்பார்கள். பெண்கள் சோற்றுச் சட்டிக்கும் செருப்புகளுக்கும் காவல் இருப்பார்கள்.

என் மனைவிக்குக் கடலைத் தள்ளி வைக்க இன்னொரு காரணமும் இருந்தது. அவர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி அந்த ஊரின் ஆஸ்பத்திரியையே அழித்துவிட்டுப் போன காலையில், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடித் தப்பியவர். அல்லாஹ்வின் உதவியால் குடும்பத்தில் எல்லோரும் பிழைத்தார்கள், வீடு மிஞ்சவில்லை. 2007இல் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரது ஊருக்கே வந்தேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்பும், பஸ் அதைக் கடக்கும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டார். அதைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

2023 ஜூலையில் ஒருநாள், தேத்தண்ணீர் கோப்பையை என் முன் வைத்துக்கொண்டே அவர் கேட்டார்: "எத்தன வருசத்துக்குத்தான் இந்தப் பயத்தக் கட்டிக்கிட்டு இரிக்கிற? புறாத்தீவுக்கு எல்லாரும் போறாங்க. நாம ரெண்டு பேரும் ஒருக்காப் போய்ப் பாப்பமா?" பிள்ளைகளை உம்மும்மாவிடம் விட்டுவிட்டு, அடுத்த வாரமே நிலாவெளிக்குப் புறப்பட்டோம்.

புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. பெரியதும் சிறியதுமாக இரண்டு பாறைத் தீவுகள். மாடப்புறாக்கள் அங்கே கூடு கட்டுவதால் அந்தப் பெயர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கட் எடுத்துத்தான் போக வேண்டும். கிழக்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். அந்த மாதங்களிலும் காலை நேரமே நல்லது. பகலில் காற்று எழும்பினால் தண்ணீர் கலங்கிவிடும்; கலங்கிய தண்ணீரில் எதையும் காண முடியாது.

படகு, பின்னால் எஞ்சின் பூட்டிய சாதாரண பைபர் படகுதான். ஓட்டிய தம்பி முதலில் எங்கள் இருவருக்கும் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, வார்களை இழுத்துச் சரிபார்த்தார். கரையை விட்டதும் அலை படகின் மூக்கைத் தூக்கிப் போட்டது. என் மனைவி ஒரு கையால் பலகையையும் மறு கையால் என் கையையும் பிடித்துக்கொண்டார். பத்து நிமிடப் பயணம் முடியும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

உடையைப் பற்றிச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அபாயாவோடு ஆழத்தில் இறங்கவே கூடாது. நனைந்தால் அது கனத்து, காலைச் சுற்றிக்கொள்ளும். நீந்தத் தெரிந்தவரையும் கீழே இழுக்கும். உடம்பை முழுவதும் மறைக்கின்ற, தண்ணீர் பிடிக்காத இலேசான துணியில் தைத்த நீச்சல் உடைகள் இப்போது நமது கடைகளிலேயே விற்கின்றன. என் மனைவி அதைத்தான் உடுத்திருந்தார். மறைப்புக்கும் குறையில்லை, பாதுகாப்புக்கும் குறையில்லை.

முதலில் படகு நின்ற இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். கண்ணையும் மூக்கையும் மூடுகின்ற கண்ணாடி ஒன்று, வாயில் கடித்துக்கொள்ளும் குழாய் ஒன்று, இவ்வளவுதான் சாமான். முகத்தைத் தண்ணீரில் வைத்தபடி வாயால் மூச்சு விட வேண்டும். அவர் குனிந்தார், ஒரு நொடியில் திமிறிக்கொண்டு எழுந்தார். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. முகம் வெளிறிவிட்டது. "போதும், கரைக்குப் போவம்" என்றார்.

படகோட்டித் தம்பி தள்ளி நின்றபடியே சொன்னார்: "மௌலவி, ராத்தாட தலைத்துணிட ஓரம் கண்ணாடிக்கு உள்ள மாட்டியிரிக்கும், பாருங்க." பார்த்தேன். நெற்றியில் ஒரு விரல் அகலத் துணி றப்பர் விளிம்புக்குக் கீழே அகப்பட்டிருந்தது. விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் தண்ணீர் வராது. ஒரு நூல் இடையில் கிடந்தாலும் அந்த வழியாக வரும். பெரிய மீசை வைத்தவர்களுக்கும் இதே தொல்லை உண்டாம். மீசையை ஒட்டக் கத்தரித்துத் தாடி விடுகின்ற என்னைப் போன்றவர்களுக்கு இதில் கஷ்டமில்லை என்று தம்பி சொன்னபோது, அந்தப் பதற்றத்திலும் என் மனைவி சிரித்துவிட்டார்.

துணியைப் பின்னால் தள்ளிவிட்டு, கண்ணாடியை மீண்டும் மாட்டினேன். "அவசரப்படாதீங்க ராத்தா. வாயால மெதுவா இழுங்க, மெதுவா விடுங்க" என்றார் தம்பி. அவர் என் கையை விடாமல் மறுபடி குனிந்தார். இம்முறை எழவில்லை. விரல்களின் இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வது எனக்குத் தெரிந்தது.

பிறகு படகைத் தீவின் மறுபக்கம் கொண்டுபோனார். லைஃப் ஜாக்கெட் எங்களை மிதக்க வைக்க, கீழே பார்த்தபடி கிடந்தோம். மான்கொம்பு போலக் கிளைத்த முருகைகள், அவற்றுக்கிடையே மஞ்சளும் நீலமுமாக மீன்கள். கிளிமீன்கள் முருகைக்கல்லைக் கொறிக்கின்ற சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்டது. அவை கொறித்துக் கழிப்பதும் கடற்கரை வெண்மணலில் ஒரு பங்கு. சற்றுத் தூரத்தில், செட்டை நுனி கறுத்த சுறா ஒன்று எங்களைக் கண்டதும் விலகிப் போனது. அந்த இனம் ஐந்தடி அளவுக்கே வளரும். சீண்டாதவரை மனிதரைக் கண்டு ஒதுங்கும். தலையைத் தூக்கி என் மனைவி சொன்னார்: "இவ்வளவு நாளும் சட்டிக்குள்ள கிடந்தத்தான் நான் மீன் எண்டு நெனச்சிரிக்கன்."

நாம் கல் என்று சொல்கின்ற முருகை உண்மையில் உயிருள்ள சிற்றுயிர்களின் கூட்டம். அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசி உணவு தருகிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பாசி வெளியேறி, முருகை வெளுத்து, நாளடைவில் சாகும். 1998இல் இலங்கையின் தெற்கிலும் மேற்கிலும் பெரும்பகுதி அப்படி அழிந்தபோது, திருகோணமலைப் பக்கம் பெருமளவு தப்பியது. உருண்டைக் கல்லாக வளரும் இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்றிமீற்றர் அளவே வளரும். ஒரு மிதியில் உடைவது பல வருட வளர்ச்சி. நமது கரையோரங்களில் முருகைக்கல்லைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். மூத்தம்மாமார் வெற்றிலையில் தடவியதும் சுவருக்குப் பூசியதும் அதுதான். இன்று அதைத் தோண்டுவது சட்டப்படி குற்றம். எனவே போகிறவர்கள் முருகையில் காலூன்ற வேண்டாம். துண்டு ஒன்றையும் பைக்குள் போட வேண்டாம். சாப்பிட்ட பொலித்தீனைக் கையோடு திருப்பிக் கொண்டு வாருங்கள்.

திரும்பும்போது அவர் கண்ணைத் திறந்துகொண்டு படகின் ஓரத்தில் இருந்தார். பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "முழுசாப் போகல்ல. ராவைக்கு அல பெரிசாக் கேட்டா இன்னும் முழிப்புத்தான் வரும். ஆனா கடல் எண்டா இப்ப எனக்கு வேற ஒரு நெனவும் இரிக்கி" என்றார். பிறகு, ஓடிய அந்தக் காலையைப் பற்றி முதன்முறையாக எனக்கு முழுவதும் சொன்னார். பதினாறு வருடம் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்தும் எனக்குத் தெரியாதிருந்த கதை அது.

சகோதரர்களே, மனைவியோடு வெளியே போகக் காசும் நேரமும் இல்லை என்று பலர் சொல்வதைக் கேட்கிறேன். தூரதேசம் போக வேண்டியதில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு குளக்கரை, ஒரு கடற்கரை இருக்கும். பிள்ளைகளை ஒரு நாளைக்குப் பெரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, இருவர் மட்டும் போய் வாருங்கள். சாப்பாட்டுச் சட்டிக்குக் காவல் இருக்கும் முறையை அன்றைக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பயப்படுகிறவரை இழுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகாதீர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் அவரது கையைப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்லும்வரை நில்லுங்கள்.