சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

நுரையீரலுக்கு வலிக்கத் தெரியாது. வலியை உணரும் நரம்புகள் அதன் சதைக்குள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. மார்புக்கூட்டின் உட்புறத்தில் ஒரு சவ்வு ஒட்டியிருக்கிறது. வலிப்பது அதற்குத்தான். நாற்பத்தாறு வயதில்தான் எனக்கு இது தெரியவந்தது.

விடாத இருமலுக்காக ஒரு ஸ்கேன் எடுத்தேன். இருமல் இரண்டு வாரத்தில் போய்விட்டது, ரிப்போர்ட் மட்டும் தங்கிவிட்டது. வலது நுரையீரலின் மேல் பகுதியில் 5 மி.மீ. அளவில் ஒரு நாட்யூல். சின்னக் கட்டி, மிளகு சைஸ். அன்றிரவே வலது தோள்பட்டையில் வலி ஆரம்பித்தது.

"ஏங்க, நேத்து வரைக்கும் ஒண்ணும் சொல்லலையே?" என்றாள் மனைவி.

நேற்று வரை வலிக்கவில்லை. ஆனால் அந்த இடம் எனக்குப் பழக்கமானது. அப்பா ஆறு மாதம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது அதே வலது தோள்பட்டையில்தான். கடைசியில் அது நுரையீரல் புற்றுநோய் என்றார்கள். பிறகு அவர் நான்கு மாதம்தான் இருந்தார்.

செங்கல்பட்டில் ஒரு மூத்த நெஞ்சக மருத்துவரிடம் போனேன். மார்புப் பக்கம் வலி என்றால் முதலில் இதயம் என்று சொல்லி ஈ.சி.ஜி. எடுக்க வைத்தார். நார்மல். பிறகு ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தார்.

"சார், இந்த சைஸ் பொட்டு வலிக்காது."

"ஆனா எனக்கு வலிக்குதே டாக்டர்."

"வலிக்கலைன்னு நான் சொல்லவே இல்லையே. இதனால வலிக்கலைன்னுதான் சொன்னேன்."

அப்பாவுடைய கட்டி வளர்ந்து நரம்பை அழுத்தியிருக்கும், இது எதையும் தொடவில்லை என்றார். பயந்தவன் முழு மூச்சு விடமாட்டான், தோளை இறுக்கிக்கொண்டே திரிவான், விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகள் சோர்ந்துபோகும். போதாததற்கு மூளை இருபத்துநாலு மணி நேரமும் அந்த இடத்தையே ஒட்டுக்கேட்கும். வலி நிஜம்தான், விலாசம்தான் வேறு.

"சொந்த ஊர்?"

"இதே செங்கல்பட்டுதான்."

சிரித்தார். காசநோய்க் கிருமி எப்போதோ வந்து போன தழும்பாகவும் இருக்கலாமாம். இந்த வட்டாரத்துக்கும் நுரையீரலுக்கும் பழைய உறவு. டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் சானடோரியம் ஆரம்பித்தது 1928-ல். பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்க 1968-ல் தேர்ந்தெடுத்ததும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைத்தான். சுமார் 2,60,000 பேர் அதில் சேர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று 1979-ல் முடிவு வந்தது. 2019-21 தேசிய ஆய்வின்படி, பதினைந்து வயதைத் தாண்டிய இந்தியர்களில் சுமார் 31 சதவிகிதம் பேர் உடம்பில் அந்தக் கிருமி நுழைந்ததற்கான அடையாளம் இருக்கிறது.

அமெரிக்காவில் சிகரெட்டில் ஊறிய 53,000 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. அதில் ஸ்கேனில் சந்தேகத்துக்கு இடமாகத் தெரிந்தவற்றில் நூற்றுக்கு 96 புற்றுநோயே இல்லை.

"அந்த மீதி நாலு, டாக்டர்?"

"அதுக்குத்தான் பன்னெண்டு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன். வளராம இருந்தா நல்ல செய்தி. நடுவுல ரத்தம் துப்பினாலோ எடை குறைஞ்சாலோ காத்திருக்காதீங்க, உடனே வாங்க."

பி.காம். படித்தவனுக்கு இது புரியும். ட்ரையல் பேலன்ஸில் பற்றும் வரவும் டேலி ஆகாவிட்டால், வித்தியாசத் தொகையை சஸ்பென்ஸ் அக்கவுன்டில் போடுவோம். தொகையை மறைப்பதுமில்லை, தள்ளுபடி செய்வதுமில்லை. காரணம் தெரியும்வரை தனியாக ஒரு பெயரில் நிற்கும், மற்ற கணக்குகள் பாட்டுக்கு நடக்கும். தோள்பட்டை வலியை அந்தக் கணக்கில் எழுதிவைத்திருக்கிறேன். பகலில் மறந்துபோகிறது. ராத்திரியில் வந்து பாக்கி கேட்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போனோம். அந்த வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பார்த்திருப்பீர்கள். சரிவில், இதோ உருண்டுவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டே பல நூற்றாண்டாக நிற்கிறது. அதன் நிழலில் ஒரு குடும்பம் எலுமிச்சை சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சார், கொஞ்சம் தள்ளி உக்காரட்டுமா? நீங்களும் நிழலுக்கு வாங்க" என்றார் அந்த வீட்டுப் பெரியவர்.

போய் உட்கார்ந்தேன். தோள்பட்டை லேசாக வலித்தது. சாதம் நன்றாக இருந்தது.