பச்சை வெளிச்சமும் 445உம்

போன வருசம் எங்கட பீடத்தின் இசை இரவில் நடந்த ஒரு சின்ன விசயம். பார்த்த ஆக்களுக்கு ஞாபகம்கூட இருக்காது. எனக்கு மறக்கேல்லை, ஏனெண்டால் பிழை விட்டது நான், பேச்சு வாங்கினது இன்னொராள்.

நாங்கள் நாலு பேர். நான் கிற்றார், என்ர பச் பெடியன் ஒருத்தன் கீபோர்ட், ஒரு ஜூனியர் பெடியன் ட்ரம்ஸ், பாடினது முதலாம் வருசத் தங்கச்சி. அவ சின்னனில் இருந்து சங்கீதம் படிச்சவ. சுருதி ஐந்தரைக் கட்டை. கிற்றார் பாசையில் சொன்னால் ஜி ஷார்ப். அதில் நேரடியாக வாசிக்க எனக்குக் கை வராது என்றபடியால், முதலாம் கட்டத்தில் கப்போ போட்டு ஜி கோர்ட்டுகளை வாசிப்பன்.

ப்ரக்டிஸ் எல்லாம் என்ர அறையிலதான். அங்க ஃபோன் ஆப்பில் சுருதி சேர்ப்பன், ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. மேடையில் அது சரிவராது. ஃபோன் மைக்கால் கேக்குது. பக்கத்தில் ஒருத்தன் ட்ரம்ஸில் தட்டிப் பார்க்க, இன்னொருத்தர் "ஹலோ செக் செக்" எண்டு கத்த, ஊசி எல்லாப் பக்கமும் ஓடும். அதுக்காகத்தான் கிளிப் ரியூனர் ஒன்றும் வாங்கி வைச்சிருந்தன். கிற்றாரின்ர தலையில் கவ்வி நிக்கும். காற்றில் வாற சத்தத்தை அது கேக்கிறதில்லை, மரத்தின்ர அதிர்வைத்தான் பிடிக்கும். நல்ல சாமான். ஒரு சென்ற் வரைக்கும் துல்லியம் எண்டு பெட்டியிலேயே போட்டிருந்தது. ஒரு அரைச்சுரத்தை நூறாகப் பிரிச்சால் அதில் ஒரு பங்குதான் ஒரு சென்ற். அஞ்சு, ஆறு சென்ற் விலகினாலே பழகின காதுக்குத் தெரியத் தொடங்கும். அப்ப ஒரு சென்ற் துல்லியம் எங்களுக்குத் தாராளம்.

அண்டைக்கு மேடைக்குப் பின்னால் நிண்டு கவனமாத்தான் சேர்த்தன். கப்போ போட்ட பிறகு இன்னொருக்கா பார்த்தன், ஏனெண்டால் கப்போ கம்பிகளை அமத்திக் கொஞ்சம் ஏத்திவிடும். ஆறு கம்பிக்கும் பச்சை.

பாட்டு தொடங்கேக்க கிற்றாரும் குரலும் மட்டும்தான். தங்கச்சி அழகா எடுத்தா. முதல் பல்லவி முடியிற வரைக்கும் மண்டபம் அமைதி. சரணத்தில் கீபோர்ட் வந்து சேர்ந்தது. சேர்ந்த உடனே ஏதோ ஒன்று கசந்தது. தங்கச்சியின்ர குரல் கீழே இறங்கிச்சுது, பிறகு மேல ஏறிச்சுது, ஒரு இடத்திலயும் நிக்கேல்லை. அவ திரும்பி என்னைப் பார்த்தா. நான் ரியூனரைப் பார்த்தன். ஒரு கம்பியைத் தட்டினன், பச்சை. திரும்ப அவவைப் பார்த்தன். அந்தப் பார்வையில் என்ன இருந்திருக்கும் எண்டு எனக்கு நல்லாத் தெரியும்.

கீழே இறங்கினதும் ஒரு சீனியர் அண்ணா சொன்னார், "பிள்ளை சரணத்தில சுருதி விட்டிட்டுது என்ன?" நான் சொன்னன், "முதல் மேடைதானே அண்ணா, பதட்டம்." நல்ல மனசோட சொன்ன மாதிரித்தான் எனக்கு அப்ப இருந்தது. தங்கச்சி பக்கத்தில்தான் நிண்டவ.

அதுக்குப் பிறகு அவ ப்ரக்டிசுக்கு வரவில்லை. கேட்டால் "அசைன்மென்ற் இருக்கு அக்கா."

ரெண்டு கிழமை கழிச்சு நானும் கீபோர்ட்காரனும் மட்டும் இருந்து வாசிச்சுக் கொண்டிருந்தம். அவன்ர ஏயும் என்ர ஏயும் ஒன்றாக ஒலிக்கேக்க "வவ் வவ் வவ்" எண்டு ஒரு துடிப்பு. அவன் வந்து என்ர ரியூனரை எட்டிப் பார்த்தான். "உம்மட ரியூனர் 445இல நிக்குது." திரையின்ர மூலையில், நுளம்பு அளவு எழுத்தில், 445.

விசயம் இதுதான். ரியூனருக்கு ஒரு ஆதாரச் சுருதி வேணும். வழமையா நடு ஏ சுரத்துக்கு 440 ஹேர்ட்ஸ். அது இயற்கை விதி ஒன்றும் இல்லை, மனிசர் கூடிப் பேசி இணங்கின ஒரு எண். 1859இல் பிரான்ஸ் 435 எண்டு சட்டமே போட்டது. 1939இல் லண்டனில் நடந்த மாநாடு ஒன்று 440க்கு வந்தது. இண்டைக்கும் அதை விட ஏத்தி வாசிக்கிற ஐரோப்பிய ஓர்கெஸ்ட்ராக்கள் இருக்கு. அதுக்காகத்தான் ரியூனரில் அந்த எண்ணை மாத்த ஒரு பொத்தான் வைச்சிருக்கினம். நான் ரியூனரைக் கப்போவோட சேர்த்துப் பையின்ர ஒரே பொக்கற்றில் போட்டு வைக்கிறனான். எப்ப அமத்துப்பட்டதோ தெரியாது.

440க்கும் 445க்கும் இடையில் கிட்டத்தட்ட 20 சென்ற். அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கிற்றார் தனிய வாசிச்சால் ஒருத்தருக்கும் தெரியாது, ஏனெண்டால் ஆறு கம்பியும் தங்களுக்குள்ள ஒற்றுமையா இருக்கு. தங்கச்சியும் என்னோட சரியாத்தான் எடுத்திருக்கிறா. கீபோர்ட் 440இல் வந்து சேர்ந்தோண்ணதான் அவவுக்கு ரெண்டு சுருதி. நல்ல காது இருந்தபடியால்தான் அவ தடுமாறினவ. காது மந்தமான ஒரு பாடகி எண்டால் என்னோடயே போயிருப்பா.

ரியூனர் பொய் சொல்லேல்லை எண்டதுதான் எனக்கு இன்னும் கோவம் வாற இடம். 445க்கு அது ஒரு சென்ற் துல்லியமாத்தான் இருந்தது. பத்து மடங்கு நுணுக்கமான, 0.1 சென்ற் வரைக்கும் காட்டுற ஸ்ட்ரோப் ரியூனர்களும் இருக்கு. அப்பிடி ஒன்று வைச்சிருந்தாலும் அண்டைக்கு இதே பிழையை இன்னும் துல்லியமா விட்டிருப்பன்.

மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன்னம் என்ன செய்யிறவை எண்டு யோசிச்சுப் பாருங்கோ. தம்புராவோ சுருதிப்பெட்டியோ ஒலிச்சுக் கொண்டிருக்கும், அதைக் கேட்டுக் கேட்டுத் தட்டிச் சேர்ப்பினம். ஆதாரம் அந்த மேடையிலேயே, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி இருக்கும். என்ர ஆதாரம் ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள்ள, எனக்கு மட்டும் தெரியிற ஒரு மூலையில் இருந்தது. அதையும் நான் பார்க்கேல்லை.

அடுத்த நாள் கன்ரீனில் தங்கச்சியைப் பிடிச்சு ரியூனரைக் காட்டினன். முழுக்கச் சொன்னன், சீனியரிட்ட நான் சொன்னதையும் சேர்த்து. அவ கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக் கொண்டிருந்தா. "கீபோர்ட் வந்தோண்ண எந்தப் பக்கம் போறதெண்டு தெரியேல்லை அக்கா. என்ர காதுதான் பழுதாப் போச்சு எண்டு நினைச்சன். வீட்டிலயும் பாடுறதை விட்டிட்டன்." மன்னிச்சிட்டன் எண்டு அவ சொல்லவில்லை, நானும் கேக்கவில்லை. அண்டிரவு எங்கட குறூப்பில் நடந்ததை எழுதிப் போட்டன். அந்தச் சீனியர் அண்ணா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், அவ்வளவுதான்.

இப்ப மேடை ஏற முன்னம் கீபோர்ட்டில் ஒரு ஏ கேட்டு வாங்கி, முதல் அஞ்சாம் கம்பியைக் காதால் சேர்க்கிறன். பிறகுதான் ரியூனர். ரெண்டும் ஒத்துப் போகாட்டில் மூலையில் இருக்கிற எண்ணைப் பார்க்கிறது. அதோட, கம்பியைப் பலமா இழுத்துத் தட்டுறதில்லை. பலமாத் தட்டினால் முதல் கணத்தில் சுருதி ஏறி நிண்டுதான் பிறகு இறங்கும், ரியூனர் அந்த ஏற்றத்தையும் காட்டும். லைற் சூட்டில் கம்பி இளகிச் சுருதி இறங்குறதால, மேடையில் அஞ்சு நிமிசம் நிண்டாப் பிறகு இன்னொருக்காச் சேர்க்க வேணும். சரி, இதெல்லாம் யூரியூப்பிலும் இருக்கு.

தங்கச்சி இந்த வருசம் திரும்ப வந்து பாடினா. திரைக்குப் பின்னால் நான் குனிஞ்சு நிண்டு கம்பி சேர்க்கேக்க கிட்ட வந்து கேட்டா, "அக்கா, எத்தினையில நிக்குது?"

"440" எண்டு சொல்லிப்போட்டு, பிறகு ஒருக்கா பார்த்தன்.