புடைவைப் பொதி சுமந்த பத்திரிகாசிரியர்

எழுத்தறியாத மக்களுக்குப் பத்திரிகை நடத்துவது எவ்வாறு? இவ்வினாவை ஏட்டளவில் எழுப்பி, ஏட்டளவிலேயே விடைகண்டு திருப்தியுறும் இலக்கியகாரர் நம்மிடையே பலருளர். கோ. நடேசய்யர் அதற்கு நடந்து விடைகண்டவர்.

தஞ்சாவூரில் 'வர்த்தகமித்திரன்' என்னும் ஏட்டை நடத்திய பிராமணர் அவர். வணிகரைத் தேடிக் கொழும்புக்கு வந்தவரின் கண்ணிற் பட்டவர்களோ மலைநாட்டுத் தொழிலாளர்கள். தோட்டம் துரையின் கோட்டை. அவனது அனுமதியின்றி அந்நியர் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டார். பொதியைச் சுமந்து லயன்களுக்குட் சென்றார். கண்டதை வெளியே வந்து எழுதினார். 1921 இல் 'தேசநேசன்', 1924 இல் 'தேசபக்தன்' எனப் பத்திரிகைகள் பிறந்தன. பின்னர்ச் சட்டநிரூபண சபையிலும், 1936 முதல் ஹற்றன் பிரதிநிதியாக அரசாங்க சபையிலும் அமர்ந்தார். பதவிகள் பெரியவைதாம்; எனினும் என் மதிப்பில் அப்பொதியே பெரிது.

செய்தி வெளியே வந்தது. அது மீண்டும் லயத்துக்குள் எவ்வாறு செல்லும்? இங்கேதான் அவர் துணைவியார் மீனாட்சியம்மையாரை நினைக்க வேண்டும். தொழிலாளருக்குப் பழகிய மெட்டுகளிற் பாட்டுக் கட்டி, கூட்டங்களிலே தாமே பாடினார். 1940 இல் அப்பாடல்கள் சிறுநூலாகவும் வெளிவந்தன. கண்ணாற் படிக்க இயலாதவன் காதாற் படித்தான். பல்கலைக்கழகத்தில் நாங்கள் யாப்பிலக்கணத்தைக் கரைத்துக் குடித்த ஆண்டுகளில் அந்நூலின் பெயரை எவரும் உச்சரித்ததில்லை. அண்மையில் வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது, "சேர், இவர் பத்திரிகைக்காரரா, புடைவைக்காரரா?" என்றான் ஒரு மாணவன். இரண்டுந்தான் என்றேன்.

1920களில் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தில் நடேசய்யர் அவருடன் தோளோடு தோள் நின்றார். கொழும்பில் வேலையில்லாத் திண்டாட்டம் முற்றவே, குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். முதலாளியைக் குறிவைத்த கை, பக்கத்தில் நின்ற கூலியாளைச் சுட்டியது. இருவரும் பிரிந்தனர். 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நடேசய்யர் அமைத்தார். அவர் மார்க்ஸியவாதியல்லர். சம்மேளனத்தின் பெயரிலுள்ள 'இந்திய' என்ற சொல்லைக் காட்டி அவரை இனவாதியென்பாருமுளர். அச்சொல்லை வசையாக்கித் தொழிலாளி மீது எறிந்தவர் யாரென்று அவர்கள் கேட்பதில்லை.

1947 இல் நடேசய்யர் காலமானார். 1948 இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம், அவர் பொதி சுமந்து ஏறிய லயன்களில் வாழ்ந்தோருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 இல் அவர்களது வாக்குரிமையும் பறிபோயிற்று. கொழுந்து பறிக்கும் வேலை மட்டும் ஒரு நாளேனும் நிற்கவில்லை.