வால் பட்டை கடைசியில் வரும்

சென்னையில் இருக்கும் நண்பர் வீட்டுத் தொட்டியில் ஒரு ஜோடி நீமோ. கோமாளி மீனுக்கு இப்போது எல்லா வீட்டிலும் அதுதான் பெயர். 2003இல் வந்த படம் வைத்த பெயர். போன ஆண்டு அவர் ஒரு கடல் சாமந்தியை வாங்கி உள்ளே வைத்தார். நாலே நாளில் மீன்கள் அதற்குள் புகுந்து குடியேறிவிட்டன. அடுத்த வாரம் பெரிய மீனின் ஆரஞ்சு உடம்பில் கரித்தூளைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். கடைக்காரர் நோய் என்று சொல்லித் தாமிர மருந்தைக் கொடுத்தார். ஊற்றினார்கள். முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்குத் தாமிரம் நஞ்சு. இரண்டே நாளில் சாமந்தி கூழாகிவிட்டது, தண்ணீர் நாறியது. மீன் பிழைத்தது. சில வாரங்களில் புள்ளிகளும் தாமாகவே மறைந்துபோயின.

அது நோயே அல்ல. சாமந்திக்குள் புதிதாகக் குடிபோகும் மீனுக்கு இப்படிக் கறுப்பு ஏறுவதும், பழகப் பழக அது குறைவதும் தொட்டி வளர்ப்பவர்கள் பலரும் கண்டதுதான். சாமந்தியின் கொட்டும் இழைகளுக்கு மீனின் தோல் காட்டும் எதிர்வினை என்று கருதுகிறார்கள். நண்பர் நொந்துபோனார். "வீடு மாறினா நிறம் மாறும்னு ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே" என்றார். அந்த ஆற்றாமையில்தான், மண்டபம் பக்கம் நீமோ குஞ்சு வளர்க்கும் ஓர் அக்காவின் தொலைபேசி எண்ணை எங்கிருந்தோ வாங்கி என்னிடம் தந்தார்.

நேரில் போனேன். ஓலை வேய்ந்த கொட்டகை. கண்ணாடித் தொட்டிகள் இரண்டு வரிசை. காற்றுக் குழாய்களின் ஓயாத கொப்பளிப்பு. அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். பேசும்போதுகூடக் கண் தொட்டியைவிட்டு நகரவில்லை. பாசி வளர்க்கும் வாளிகளையும், குஞ்சுக்கு முதல் தீனியான ரோட்டிபர் வளர்க்கும் தொட்டிகளையும் காட்டிக்கொண்டே கடந்தார். அவர் நின்றது ஓர் ஓட்டுத் துண்டின் முன்னால்.

கூரை ஓட்டில் உடைத்த துண்டு, உள்ளங்கை அகலம். தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்தார். அதன் உட்புறத்தில் ஆரஞ்சு மணிகளை நெருக்கி ஒட்டியதுபோல முட்டைகள். ஆண்மீன் துடுப்பால் ஓயாமல் விசிறிக்கொண்டிருந்தது. "இது மூணாம் நாளு சார். இன்னும் ரெண்டு மூணு நாள்ல ஒவ்வொண்ணுலயும் வெள்ளிக் கண்ணு தெரியும். கண்ணு பளபளன்னு வந்துட்டா அன்னைக்கு ராத்திரியோ மறுநாளோ பொரிச்சிரும்." ஏழெட்டு நாள் கணக்கு. பொரிக்கப்போகும் மாலையில் ஓட்டை மட்டும் தூக்கி இன்னொரு தொட்டிக்கு மாற்றி விளக்கை அணைத்துவிடுவார். இருட்டில்தான் குஞ்சு வெளியே வரும். "ஓடு மாத்துற அன்னைக்கு நான் வீட்டுக்குப் போறதில்ல" என்றார்.

இந்தக் கைகள் முன்பு கடல்பாசி எடுத்தவை. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பதினாறு வயதிலிருந்து தீவுகளைச் சுற்றி முங்கியவர். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986இல் அமைந்தது. நாளடைவில் கெடுபிடி கூடியது, பாசியும் குறைந்தது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீனை இனப்பெருக்கம் செய்து பயிற்சியும் தருகிறது. அங்கே போனபோது இந்த மீனைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்ததாம். "பாசி புடுங்கையில தினம் பாக்குற மொகம்தானே. மணல்ல பூ விரிஞ்சு கெடக்கும், கைல பட்டா ஒட்டும். அதுக்குள்ள கறுப்பும் வெள்ளையுமா ரெண்டு பட்டை போட்டுக்கிட்டு நிக்கும்." அவர் சொன்னது நம் கடலின் சீபே கோமாளி. ஹடோனி என்ற கம்பளச் சாமந்திதான் அதற்கு வீடு.

நிறத்தைப் பற்றிக் கேட்டேன். இரண்டு தொட்டிகளைக் காட்டினார். ஒன்றில் சாமந்தியோடு ஒரு ஜோடி, மற்றதில் ஓடு மட்டும். சாமந்திக்குள் இருந்த மீன்களின் ஆரஞ்சும் பட்டை ஓரக் கறுப்பும் மை தீட்டியதுபோல அழுத்தமாக இருந்தன. "பூ மட்டும் காரணமில்ல சார். அதுங்களுக்கு இறால் தலைய அரைச்சுப் போடுறேன்" என்று அவரே திருத்தினார். சரிதான். ஆரஞ்சு நிறத்துக்கான நிறமியை மீன் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது, தீனியிலிருந்துதான் எடுக்க வேண்டும். இறால் தலையில் அது நிறைய உண்டு.

வீடு நிறத்தை மாற்றும் என்பதற்குக் கடலில் சாட்சி இருக்கிறது. கிளார்க் கோமாளி என்ற மீன், மெர்டென்சி கம்பளச் சாமந்தியில் குடியிருந்தால் ஆரஞ்சு போய் உடம்பே கறுத்துவிடும். பாப்புவா நியூகினியின் கிம்பே விரிகுடாவில் பெர்குலா கோமாளிக் குஞ்சுகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. ராட்சதக் கம்பளச் சாமந்தியில் வளர்ந்த குஞ்சுக்கு வெள்ளைப் பட்டைகள் சீக்கிரம் விழுகின்றன. மேக்னிபிகா சாமந்தியில் வளர்ந்த அதே வயதுக் குஞ்சுக்குத் தாமதமாக விழுகின்றன. முதல் வகைக் குஞ்சின் உடலில் தைராய்டு சுரப்பு கூடுதலாக இருந்தது. பட்டை விழும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது அந்தச் சுரப்பு. தாமதமாகும் குஞ்சு ஊனக் குஞ்சு அல்ல. அதன் வீடு வேறு, அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் அக்கா மூலையிலிருந்த தொட்டிக்கு அழைத்துப் போனார். வியாபாரி கழித்துவிட்டுப் போன குஞ்சுகள் அவை. "பட்டை கொறச்சல்னு பாதி வெலைதான் தருவேன்னாரு. தலைப் பட்டை மொதல்ல வரும், அப்புறம் நடுப் பட்டை, வால் பட்டை கடைசிலதான் வரும். பிள்ளைக்குப் பல்லு மொளைக்கலன்னு கழிப்பாகளா?"

எனக்குக் கோபம் வந்தது. இன்றும் தணியவில்லை. பட்டை உடைந்த கோமாளி மீனுக்கு வெளிநாட்டுச் சந்தையில் பிக்காசோ என்று பெயர் வைத்துப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். கொட்டகையில் குறை என்று சொல்லப்பட்டது கண்ணாடித் தொட்டிக் கடையில் அபூர்வமாகிறது. நிறத்துக்கு விலை வைக்கும் அதிகாரம் முழுவதும், தூக்கம் விழித்து ஓடு மாற்றாதவர்களின் கையில் இருக்கிறது. அதே கைகள்தான் வெளுத்த சாமந்தியை அழகு என்று விற்கின்றன. சாமந்தியின் பழுப்பு, அதனுள் வாழும் நுண்பாசியின் நிறம். அந்தப் பாசிதான் அதற்குச் சோறு. வெள்ளையாக இருக்கும் சாமந்தி பட்டினி கிடக்கும் சாமந்தி. வாங்குகிறவர்களாகிய நாம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இது எங்கே, எதைத் தின்று, எந்த வீட்டில் வளர்ந்தது? பதில் சொல்ல முடியாதவருக்குத் தரும் பணத்தை, பதில் தெரிந்தவருக்குத் தரலாமே.

கழிக்கப்பட்டவற்றில் இரண்டை முழு விலை கொடுத்து வாங்கினேன். அக்கா முதலில் மறுத்தார். பிறகு ஆக்சிஜன் அடைத்த பையில் கட்டி, ஓர் ஓட்டுத் துண்டையும் தாளில் சுற்றிக் கொடுத்தார். "பூ வாங்க வேணாம்னு சொல்லுங்க சார். இது போதும் அதுகளுக்கு."

நண்பர் வீட்டில் அவற்றுக்குத் தனித் தொட்டி. ஐந்தாவது வாரம் அவர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். ஓட்டை ஒட்டி நின்ற குஞ்சின் வாலடியில், நூல் கனத்தில் ஒரு வெள்ளை வளையம். உடனே அக்காவுக்குச் சொன்னேன். அவருக்கு அதில் வியப்பு ஏதும் இல்லை.

"வரும்னு தெரியும் சார். வந்தபொறகும் அந்த ஏவாரி கணக்குல அது பாதி வெலை மீனுதான்."