கேலரி மாறி உட்கார்ந்த கதை

2023 ஆகஸ்ட் 12. கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். டுராண்ட் கோப்பையில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய அந்த மாலையில் நாங்கள் மூன்று பேர் தவறான கேலரியில் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு கூட்டத்துக்காக அந்த ஊருக்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து ரயில் ஏற இரண்டு நாள் இருந்தது. நாங்கள் மூவருமே வடசென்னைக்காரர்கள். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பந்து முதலில் காலில்தான் படும், மட்டையெல்லாம் பிறகுதான். அந்த ஆண்டுதான் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் ஒடிசா அணியிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போயிருந்தார். நம்ம ஊர் ஆள் கொல்கத்தா டெர்பியில் ஆடுகிறார் என்றால் பார்க்காமல் ரயில் ஏற முடியுமா?

அங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் நண்பர் ஒருவர் அலைந்து திரிந்து டிக்கெட் வாங்கிக் கொடுத்தார். கிடைத்ததே பெரிது என்று வாங்கிக்கொண்டோம். மைதானத்தின் வாசலுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அவை மோகன் பகான் ரசிகர்களின் பக்கத்து டிக்கெட்டுகள். எங்களில் இளையவன் முந்தின நாள் நடைபாதைக் கடையில் வாங்கிய டி-ஷர்ட்டைப் போட்டிருந்தான். சிவப்பும் தங்கநிறமும். ஈஸ்ட் பெங்காலின் நிறம். சுற்றிலும் பச்சையும் மெரூனும் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது.

நண்பருக்கு போன் போட்டோம். "சட்டையை மறைத்துக்கொள்ளுங்கள். கோல் விழுந்தால் வாயைத் திறக்காதீர்கள்" என்றார். எங்களில் மூத்தவர் பையில் இருந்த கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் அதை மேலே மாட்டிக்கொண்டு, கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, உள்ளே வந்தான் தம்பி.

மறைப்பது எங்களுக்குப் புதிய வேலை இல்லை. வீடு வாடகைக்குக் கேட்கப் போகும்போது, கல்லூரி விடுதியில் முதல் நாள் சாப்பிட உட்காரும்போது, பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரர் "எந்த ஊரு தம்பி?" என்று ஆரம்பித்து "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று வந்து நிற்கும்போது, எத்தனை பதில்களை நாம் ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறோம். எதைச் சொல்லி எதை விழுங்குவது என்று யாரும் பள்ளிக்கூடத்தில் கற்றுத் தருவதில்லை. ஆனாலும் நமக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கேலரியில் உட்கார்ந்தபோது அதே பழைய இறுக்கம் வயிற்றில் வந்து உட்கார்ந்தது. ஒரு சட்டைக்காக இத்தனை பயமா என்று எங்களுக்கே வெட்கமாக இருந்தது.

பக்கத்தில் அறுபது வயது தாண்டிய ஒருவர். கழுத்தில் பச்சை-மெரூன் துண்டு. காகிதப் பொட்டலத்தில் இருந்த வேர்க்கடலையை எங்களிடம் நீட்டினார். அங்கே 'தாதா' என்றால் அண்ணன். நாங்களும் அவரை தாதா என்றே கூப்பிட்டோம். எங்கிருந்து வருகிறீர்கள் என்று அரைகுறை இந்தியில் கேட்டார். சென்னை என்றோம். எந்த அணி என்றார். சும்மா பார்க்க வந்தோம் என்றோம். தம்பியின் கழுத்துப் பட்டனை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் சிரித்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் தொடர்ந்து எட்டு டெர்பிகளில் தோற்றிருந்தது. கடைசியாக அது வென்றது 2019 ஜனவரியில். எதிரே சிவப்பு-தங்கக் கேலரியில் இருந்தவர்களின் வயிற்றெரிச்சலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் பாதியில் பந்து நந்தகுமாரிடம் வந்தது. அவர் அடித்தார். வலை குலுங்கியது.

எதிர்ப்பக்கம் வெடித்தது. எங்கள் பக்கம் செத்த வீடுபோல அமைதி. அந்த அமைதிக்குள் ஒரே ஒரு குரல்: "டேய், நம்ம பையன்டா!"

தம்பிதான். எழுந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கியிருந்தான். கழுத்துப் பட்டன் தெறித்து உள்ளே இருந்த சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. அவன் கத்தியது அங்கே யாருக்கும் புரிந்திருக்காது. ஆனால் மகிழ்ச்சிக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லையே. பின் வரிசையில் ஐந்தாறு இளைஞர்கள் எழுந்தார்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று வந்து மூத்தவரின் தோளில் விழுந்தது. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டோம்.

தாதா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். பிறகு திரும்பி அந்த இளைஞர்களிடம் வங்காளியில் ஏதோ சொன்னார். உரக்கக் கூடச் சொல்லவில்லை. அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். ஆட்டம் முடியும் வரை அவர் தம்பியின் கையை விடவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஈஸ்ட் பெங்கால் வென்றது. தன் அணி தோற்றுக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரமும் எதிரணி ரசிகன் ஒருவனின் கையைப் பிடித்தபடி அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது, அவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டோம். "நான் எண்பதில் ஈடனில் இருந்தேன் என்று சொன்னேன்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எண்பது என்றால் என்ன என்று அன்றிரவு தேடிப் படித்தோம். 1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டன்ஸில் இதே இரண்டு அணிகளுக்கும் கொல்கத்தா லீக் ஆட்டம். இரு தரப்பு ரசிகர்களும் ஒரே ஸ்டாண்டில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். மைதானத்தில் ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித்தும் மோகன் பகானின் பிதேஷ் போஸும் மோதிக்கொள்ள, நடுவர் இருவரையும் வெளியே அனுப்பினார். மேலே கேலரியில் அடிதடி தொடங்கியது. தப்பிக்க ஓடியவர்கள் குறுகிய வழிகளில் நசுங்கினார்கள். 16 பேர் ஆட்டம் பார்க்கப் போய் பிணமாகத் திரும்பினார்கள். அந்த நாளைக் கால்பந்து ரசிகர்கள் தினம் என்று சொல்லி இன்றும் கொல்கத்தாவில் ரத்ததானம் செய்கிறார்கள். இரு தரப்பையும் தனித்தனிக் கேலரியில் உட்கார வைக்கும் வழக்கத்துக்குப் பின்னால் அந்த 16 உடல்கள் இருக்கின்றன.

ஊர் திரும்பும் ரயிலில் இதுதான் பேச்சு. தம்பி சொன்னான்: "அண்ணே, வேலி போட்டது சரிதான். வேலி இல்லாத பக்கம் உட்கார்ந்ததுக்கே பாட்டில் வந்துச்சு."

மூத்தவர் உடனே பதில் சொல்லவில்லை. விஜயவாடா தாண்டியதும் சொன்னார்: "சண்டை வராம இருக்கத்தான் சுவர். இதை எங்க கேட்டிருக்கோம்?"

மூவருக்கும் தெரியும். மதுரை மாவட்டம் உத்தப்புரம். 1989 கலவரத்துக்குப் பிறகு எழுப்பப்பட்ட சுவருக்கு அதைக் கட்டியவர்கள் சொன்ன நியாயம் அமைதிதான். ஏறத்தாழ இருபது ஆண்டு அந்தச் சுவர் நின்றது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2008 மே 6 அன்று அதன் ஒரு பகுதியை மாவட்ட நிர்வாகம் இடித்தது. அப்படியானால் கேலரிக்கு நடுவே நிற்கும் வேலியும் உத்தப்புரம் சுவரும் ஒன்றா?

எளிதாக ஆமாம் என்று சொல்லிவிடலாம். முகநூலில் நல்ல பதிவாகவும் ஓடும். ஆனால் அது பொய். 1985 மே 29, பெல்ஜியத்தின் ஹெய்சல் மைதானம். லிவர்பூல் ரசிகர்களுக்கும் பக்கத்துப் பகுதியில் இருந்த, பெரும்பாலும் யுவென்டஸ் ரசிகர்களுக்கும் நடுவே இருந்தது ஒரு மெலிந்த கம்பி வலை மட்டும்தான். அதைத் தாண்டிப் பாய்ந்தார்கள். 39 பேர் செத்தார்கள். இதனால் வேலி நல்லது என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானம். கேலரிக்கு முன்னால் இருந்த இரும்பு வேலியைத் தாண்ட முடியாமல் நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேரின் உயிர் போனது. காவல்துறை பழியை ரசிகர்கள் மீதே போட்டது. உண்மையை நிலைநாட்டக் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. அர்ஜென்டினாவில் 2013-இல் வெளியூர் ரசிகர்களே வரக் கூடாது என்று தடை போட்டார்கள். இதற்கெல்லாம் நடுவில் லிவர்பூல் நகரத்திலேயே வேறொரு வழக்கமும் இருந்தது. ஒரே வீட்டில் அண்ணன் லிவர்பூல், தம்பி எவர்டன். 1984 லீக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு இரு தரப்பும் கலந்தே வெம்ப்லி போய், கலந்தே நின்று, இரண்டு அணிகளுக்கும் பொதுவான தங்கள் மண்ணின் பெயரைச் சேர்ந்தே முழங்கினார்கள்.

ஆக, கலந்து உட்கார்ந்தும் செத்திருக்கிறார்கள், பிரித்து அடைத்தும் செத்திருக்கிறார்கள். பிறகு வேறுபாடு எங்கே இருக்கிறது?

எங்களுக்குத் தோன்றியது இது. கால்பந்தில் மறு ஆட்டம் உண்டு. இந்த வாரம் வெளியூர் ரசிகனாக ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தவன், அடுத்த முறை தன் சொந்த மைதானத்தில் ராஜாவாக உட்காருவான். அன்று மூலைக்குப் போவது மற்றவன். வேலி இருவருக்கும் பொது, அவமானமும் இருவருக்கும் பொது, முறை மாறி மாறி வரும். ஊரும் சேரியும் அப்படியா பிரிந்திருக்கின்றன? அங்கே என்றைக்காவது இடம் மாறியதுண்டா? தேநீர்க் கடையில் இந்த வாரம் நமக்குத் தனிக் குவளை, அடுத்த வாரம் அவர்களுக்கு என்று முறை வைத்தார்களா? நாம் ஆடுவது எப்போதும் வெளியூர் மைதானத்தில்தான். நம் சொந்த ஊரிலேயே நாம் வெளியூர் ரசிகர்கள். அதுதான் சாதி. தம்பி அன்றிரவு விடுதி அறையில் டி-ஷர்ட்டைக் கழற்றி மடித்து வைத்தான், பயமும் அதோடு போயிற்று. மற்றதைக் கழற்ற அவனுக்கு வழியில்லை.

தாதாவைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் நல்லவர், சந்தேகமில்லை. ஆனால் அவர் பார்த்தது எங்கள் சட்டையை மட்டும்தான். ஈஸ்ட் பெங்காலை அகதிகளின் அணி என்பார்கள். கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அது தாய்வீடு. அது வென்றால் ஹில்சா மீன், மோகன் பகான் வென்றால் இறால் என்று கொல்கத்தாக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதே அகதிகளில் நாமசூத்திரர்கள் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட மக்களைத்தான் பெருமளவில் தண்டகாரண்யத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து திரும்பி வந்து மரிச்ஜாப்பி தீவில் குடியேறியவர்களை 1979-இல் அரசு போலீஸை வைத்து விரட்டியது. ஈடன் சாவுகளுக்கு முந்தைய ஆண்டு. ஈடனில் இறந்தவர்களுக்கு ஆண்டுதோறும் ரத்ததானம் நடக்கிறது. நடக்கட்டும், நல்லது. மரிச்ஜாப்பியில் இறந்தவர்களை எந்தக் கேலரி நினைக்கிறது?

இந்தக் கதையை இதோடு முடித்திருப்போம். ஆனால் ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2024 ஆகஸ்ட் 18. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் வல்லுறவு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டதால் கொல்கத்தா கொந்தளித்துக்கொண்டிருந்தது. அன்று நடக்க வேண்டிய டுராண்ட் டெர்பியைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லை என்று ஆனபிறகும் ரசிகர்கள் வந்தார்கள். சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று மூன்று அணி ரசிகர்களும் கலந்து நின்று நீதி கேட்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. கொடிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த படங்களை எங்கள் மூவரின் போனிலும் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டோம்.

அந்தக் கூட்டத்தில் தாதாவின் துண்டு தெரிகிறதா என்று தம்பி படம் படமாகப் பெரிதாக்கிப் பார்த்தான். தெரியவில்லை.

தோழர்களே, நம் பகுதிகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டிகள் நடக்கின்றன. தெருவுக்கு ஒரு அணி, ஊருக்கு ஒரு அணி. ஆட்டத்தில் தொடங்கி சாதி மோதலாக முடிந்த இடங்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை ஒரு வேலியையோ, தனி வரிசையையோ, "உங்க பசங்க அந்தப் பக்கம் உட்காரட்டும்" என்ற பேச்சையோ கேட்டால், அது பாதுகாப்புக்குத்தான் என்று சொன்னால், சண்டைக்குப் போவதற்கு முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அடுத்த வாரம் இடம் மாறுமா?

மாறும் என்றால் உட்கார்ந்து ஆட்டத்தைப் பாருங்கள். மாறாது என்றால் அங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது.

அந்தக் கட்டம் போட்ட சட்டையைத் தம்பி இன்னும் மூத்தவரிடம் திருப்பித் தரவில்லை. கேட்டால், பட்டன் தைக்கணும் என்கிறான்.

ஜெய்பீம்.